காட்டெருமை ஏன் அழுதது?

7

சுவரில் மாட்டியிருந்த யானை மைதிலியைப் பார்த்தது. மைதிலியும் யானையைப் பார்த்தாள். இருவரில் யானைதான் நன்றாகத் தூங்கி எழுந்த மாதிரி இருந்தது.

அவள் சரியாகத் தூங்கி ஒரு வாரம் இருக்கும். ஓமலூரில் ஒரு மாப்பிள்ளைப் பையனைப் பற்றி விசாரித்து முடித்த களைப்பு இன்னும் தோளைவிட்டு இறங்கவில்லை. பையன் நல்லவன். அதைச் சொன்னபோது பெண்ணின் அப்பாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "நல்லா விசாரிச்சீங்களா?" என்று சந்தேகமாகக் கேட்டார். தனியார் துப்பறியும் தொழிலுக்கு வந்த இத்தனை வருடத்தில் மைதிலி கண்டது இதுதான்: உண்மையைக் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம். ஏற்கெனவே முடிவு கட்டிய ஒன்றுக்கு முத்திரை குத்திக்கொண்டு போக வருகிறவர்கள்தான் மிச்சம்.

"நம்ம ஆபீஸுக்கு நாலு கட்டடம் தள்ளி இப்படி ஒரு ஸ்டுடியோ இருக்குன்னு இத்தனை நாள் தெரியாம போச்சே மேடம்," என்றான் பூபதி, சுவரையெல்லாம் சுற்றிப் பார்த்தபடி. "இந்தக் கரடியைப் பாருங்க. என் ஆதார் போட்டோவைவிட லட்சணமா இருக்கு."

"கரடி வாயை மூடிட்டு உட்கார்ந்திருக்கு. அதான்."

பூபதி அவளுடைய உதவியாளன். சங்ககிரியில் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தவன். எந்த டிரைவர் எந்த டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு 'வண்டி பஞ்சர்' என்று புளுகுகிறான் என்பதைப் போனிலேயே கண்டுபிடித்துவிடுவான். அந்தக் காதுக்காகத்தான் மைதிலி அவனை வேலைக்கு எடுத்தாள். வாயும் கூடவே வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் அந்த மாடி ஹால் முழுக்க மிருகங்களின் முகங்கள். யானை, சிறுத்தை, கரடி, கடமான். எல்லாப் படத்திலும் பின்னால் கும்மிருட்டு. இருட்டிலிருந்து ஒரு முகம் மட்டும் எட்டிப் பார்க்கும். கடைசிச் சுவரில் அது இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு காட்டெருமையின் முகம். மை மாதிரிக் கருப்பு. ஒரு கொம்பு நுனி உடைந்திருந்தது. இடது கண்ணின் ஓரத்திலிருந்து தாடைவரை ஈரமாக ஒரு கோடு இறங்கி மின்னியது.

தமிழ்நாட்டில் பாதிப் பேருடைய போனில் அந்தப் படம் இருந்தது.

போன மாதம் ஒரு விடியற்காலையில், சேந்தமங்கலத்துக்கு அப்பால் கொல்லிமலை அடிவாரத்தில், அங்கமுத்து என்ற விவசாயி தன் குச்சிக்கிழங்குக் காட்டில், அதாவது மரவள்ளித் தோட்டத்தில், நெஞ்செலும்பு நொறுங்கிச் செத்துக் கிடந்தார். அதே விடியலில், அந்தக் காட்டுக்குக் கூப்பிடு தூரத்தில், சபரிநாதன் இந்தப் படத்தை எடுத்திருந்தான். ஊர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டது. 'கொன்றுவிட்டு அழும் காட்டெருமை' என்று எவரோ தலைப்பு வைக்க, படம் போனுக்குப் போன் தாவியது. வனவிலங்கு தாக்கி மரணம் என்று கேஸ் முடிந்தது. நாளைக் காலை மயக்க ஊசித் துப்பாக்கியோடு வனத்துறை ஆட்கள் அடிவாரத்துக்கு வருகிறார்கள். உடைந்த கொம்பு இருக்கிற மாட்டைப் பிடித்து வேறு மலையில் விடப் போகிறார்களாம்.

நம்பாதது ஒரே ஒருத்திதான். அங்கமுத்துவின் மனைவி ஜோதி. நேற்று மைதிலியின் ஆபீஸுக்கு வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள்.

"ரெண்டு வருசமா எங்க தொட்டியிலதானுங்க அந்த மாடு தண்ணி குடிக்குது. இவரு 'சாமி, ஓரமாப் போ'ன்னா ஓரமாப் போயிரும். அது முட்டியிருக்காதுங்க. முட்டியிருந்தாலும் சரி, அதுதான்னு யாராச்சும் உறுதியாச் சொல்லிட்டா நான் மனசைத் தேத்திக்குவேன்."

"என்கிட்ட வரச் சொன்னது யாரும்மா?"

"ஒரு பொண்ணு போன் பண்ணுச்சுங்க. பேரு சொல்லலை. ஃபேர்லேண்ட்ஸ்ல ஒரு மேடம் இருக்காங்க, போய்ப் பாருங்கன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுருச்சு."

முத்திரை கேட்காமல் பதில் கேட்டு வந்தவள் என்பதாலேயே மைதிலி இந்தக் கேஸை எடுத்துக்கொண்டாள்.

"வாங்க மேடம்," என்றபடி சபரிநாதன் உள்ளிருந்து வந்தான். நாமக்கல் பக்கத்து ஆள். நாற்பது வயது இருக்கும். தரையில் படுத்துப் படுத்து முழங்கைத் தோல் கருத்துத் தடித்திருந்தது. "இந்தப் படத்தால எனக்குப் பேரு வந்துச்சுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. எனக்குச் சோறு இறங்கலைங்க. அதுக்கு ஊசி போட்டா எந்திரிக்கும்னு நிச்சயமில்லை. பயத்துலயே நெஞ்சு நின்னுரும். நான் படம் எடுக்காம இருந்திருந்தா எந்த மாடுன்னே யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"எப்படி எடுத்தீங்க?"

"இருட்டோட போய் மண்ணுல படுத்துட்டேனுங்க. நம்ம வாடை அதுக்குப் போகாத பக்கமாப் படுக்கோணும். அதோட கண்ணுக்குக் கீழ நம்ம லென்ஸ் இருக்கோணும். நின்னுக்கிட்டு எடுத்தா அது மாட்டுப் படம். படுத்து எடுத்தா அது ஒரு ஆளோட படம். வெளிச்சம் வந்துச்சு, அது திரும்பி நேரா என்னைப் பார்த்துச்சு. கண்ணைத் தவிர நான் வேற எதையும் பார்க்கலைங்க. கண்ணு தெளிவா விழலைன்னா படமே இல்லை."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் என் சம்சாரம் வேலை." கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் பெரிய திரையின் முன் உட்கார்ந்திருந்தாள். கையிலிருந்த பேனாவால் ஒரு சிறுத்தையின் மீசையைத் தொட்டுத் தொட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். "முகத்தைத் தவிர எல்லாத்தையும் இருட்டாக்கிருவா. ஈ, உண்ணி, புல்லு, எது இருந்தாலும் போயிரும். ஒண்ணு மட்டும் உறுதிங்க மேடம். நாங்க எதையும் சேர்க்கிறதில்லை. எடுக்கிறது மட்டும்தான்."

"பொய் சொல்ல அதுவே போதுமே," என்றாள் மைதிலி. சொன்ன பிறகுதான் சுருக்கென்று இருந்தது. தூக்கம் கெட்டால் அவளுக்கு நாக்கு இப்படித்தான். "தப்பா நினைக்காதீங்க. இந்தப் படத்துல என்ன எடுத்தீங்க?"

"நிறம்தானுங்க. மாடு வெளுத்துப் போய் இருந்துச்சு. சேத்துல புரண்டு காஞ்சிருக்கும். காட்டெருமைன்னா கருப்பா இருக்க வேண்டாமா? கருப்பாக்குன்னு நான்தான் சொன்னேன்."

"கண்ணீரை மட்டும் விட்டுட்டீங்க."

"அது சுகன்யா முடிவு. அவ கண்ணு எனக்கு இல்லைங்க."

"திருத்தாத படம் வேணுமே."

சபரிநாதன் தடுப்பின் பக்கம் குரல் கொடுத்தான். "சுகன்யா, மாட்டுப் படத்தோட ஒரிஜினல்?"

"அந்த டிஸ்க் போயிருச்சுங்க. சொன்னேனில்ல?" அவள் திரும்பவில்லை.

"கேமரா கார்டுலயும் இல்லைங்க. அதுல வேற எடுத்துட்டேன்," என்று கையை விரித்தான் சபரிநாதன்.

"திருத்துறதுக்கு முன்னாடி வேற யாராவது பார்த்தாங்களா?"

யோசித்தான். "பார்த்தாங்க! அடிவாரத்துல டீக்கடை வெச்சிருக்கிற குப்பாயி அக்கா. அன்னைக்கு இறங்கி வரும்போது கேமராவுக்குப் பின்னாடி இருக்கிற சின்னத் திரையில காட்டினேன். 'அட, இரு சாமி'ன்னு சொல்லி அவங்க போனுல அதை ஒரு படம் புடிச்சு வெச்சுக்கிட்டாங்க."

கண்ணாடிக்குப் பின்னால் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

ராசிபுரம் தாண்டும்போது காரின் ஏ.சி. உயிரைவிட்டது. வைகாசி வெயில் கண்ணாடி வழியாக மடியில் வந்து உட்கார்ந்தது. மைதிலி துப்பட்டாவை நனைத்து முகத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏ.சி.யைத் திருத்துறதுக்கு அந்தம்மாகிட்டயே கொடுத்திருக்கலாம் மேடம். சூட்டை எடுத்துட்டுக் காத்தை மட்டும் விட்டுருப்பாங்க."

"ஓட்டு பூபதி."

"ஓட்டுறேன். நீங்க தூங்குங்க."

அவள் கண்ணை மூடினாள். ஈரமான அந்தக் கோடு மட்டும் வந்து நின்றது. ஈயை எடுத்தார்கள். சேற்றை எடுத்தார்கள். ஒரு மலையையே இருட்டாக்கினார்கள். கண்ணீரை ஏன் தொடவில்லை? அதற்கும் முன்னால், ஒரு மாடு எதற்கு அழ வேண்டும்? லட்சம் பேர் பார்த்த படம். அந்தக் கேள்வியை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

குப்பாயியின் டீக்கடை மலைப்பாதை தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால், ஒரு புளியமரத்தடியில் இருந்தது. அறுபது வயதுக்காரி. விரிசல் விட்ட போனைத் தேய்த்துத் தேய்த்து, குட் மார்னிங் ரோஜாக்களுக்கும் சாமி படங்களுக்கும் நடுவிலிருந்து அதைத் தோண்டி எடுத்தாள்.

"இதா கண்ணு. திருநீறு பூசின மாதிரியே இல்ல? அதுக்குத்தான் புடிச்சு வெச்சேன்."

மைதிலி வாங்கிப் பார்த்தாள். கேமராத் திரையைப் போன் எடுத்த படம், தெளிவு கம்மி. ஆனால் பார்க்க வேண்டியது தெரிந்தது. மாடு நேராகப் பார்த்துக்கொண்டு நின்றது. மூக்குத்தண்டில் கோடு கிழித்த மாதிரி முகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. இடது பாதி வெள்ளை. வலது பாதி கருப்பு. உடம்பும் அப்படியே. வெள்ளைப் பாதியில், கண்ணுக்குக் கீழே, நீர் வழிந்து கழுவிய ஒரு கருப்புக் கோடு.

பூபதி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். "பாதி மேக்கப்புல எந்திரிச்சு ஓடி வந்திருக்கு."

"சேத்துல புரண்டா இப்படி ஆகுமா?"

"ஆகாது மேடம். எங்க ஊட்டு எருமை புரண்டா வயிறு, முதுகு, வாலு எல்லாம்தான் சேறாகும். இப்படி அளந்து பூசிக்காது. இங்கே ஜவ்வரிசி செய்யற சேகோ ஆலை நிறைய இருக்கே, ராத்திரி அதுக்குள்ள புகுந்திருக்குமோ? கிழங்கு மாவு கொட்டியிருக்கும்."

"ஆலைக்குள்ள புகுந்திருந்தா அதுவே பெரிய செய்தி ஆகியிருக்கும்." மைதிலி பெஞ்சில் உட்கார்ந்தாள். "இது எங்கேயும் புரளலை பூபதி. ஒரு பக்கமா நின்னுட்டு இருந்திருக்கு. அந்தப் பக்கத்துல இருந்து தூசி மேகமா வந்து மேல படிஞ்சிருக்கு. அந்தப் பக்கத்துக் கண்ணுல மட்டும்தான் தண்ணி."

"அப்போ அது அழலையா?"

"கண்ணுல தூசி விழுந்திருக்கு."

பூபதி போனை வாங்கி மறுபடி பார்த்தான். "எங்கம்மா அந்தப் படத்தைப் பார்த்து ரெண்டு வேளை சாப்பிடலை மேடம். தூசிக்கா?"

குப்பாயி டீயை நீட்டினாள். "தூசின்னதும் ஞாபகம் வருது கண்ணு. அன்னைக்குக் காலையில கடை திறக்க வந்தா பெஞ்சு, அடுப்பு, பாட்டலு எல்லாம் வெளுத்துக் கிடந்துச்சு. எவனோ லாரியில சுண்ணாம்பு மூடாம கொண்டு போயிருக்கான்னு திட்டிட்டே துடைச்சேன். அதுக்குள்ள அங்கமுத்து செத்துட்டாருன்னு சொன்னாங்க. கடையைச் சாத்திட்டு எழவுக்கு ஓடிட்டேன். அப்புறம் மழை பெஞ்சு எல்லாம் போச்சு."

"ராத்திரி ஏதாவது சத்தம் கேட்டுச்சாக்கா?"

"என்ற ஊடு அந்தப் பக்கம் ரெண்டு மைல் தள்ளி இருக்குது. எனக்கு என்ன கேக்கும்?"

மைதிலி டீயைக் குடித்தாள். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அவளுக்கு அது தேவையாகவும் இருந்தது. எதிரே மலை புகைபோல நின்றது. எங்கோ இருந்து காற்றில் தூசி வந்து, மாட்டின் மீதும் பெஞ்சின் மீதும் ஒரே இரவில் படிந்திருக்கிறது. அதே இரவில் ஒரு மனிதர் செத்திருக்கிறார்.

டம்ளரை வைத்துவிட்டு எழுந்தாள். "வண்டியைத் திருப்பு. ஸ்டுடியோவுக்குப் போறோம்."

"அங்கே இருந்துதானே வந்தோம்?"

"சபரிநாதன் இதைச் சின்னத் திரையில பார்த்தார், சேறுன்னார். இவங்களும் அதே திரையில பார்த்தாங்க, திருநீறுன்னாங்க. நீ இந்தப் போனுல பார்த்துட்டுக் கிழங்கு மாவுங்கறே. ஆளுக்கு ஒண்ணு. ஆனா இந்தப் படத்தைச் சுவர் அளவுக்குப் பெருசாக்கி, அந்த வெள்ளையை ஒவ்வொரு ரோமத்துல இருந்தும் துடைச்செடுத்த ஆள் ஒருத்தர் இருக்காங்க. அவங்க என்னன்னு பார்த்தாங்கன்னு நாம இன்னும் கேக்கவே இல்லை."

அவர்கள் திரும்பி வந்தபோது ஹாலில் விளக்கு போட்டிருந்தார்கள். சபரிநாதன் டீ வாங்கக் கீழே போயிருந்தான். சுகன்யா அதே நாற்காலியில் இருந்தாள். பேனாவைக் காலையில் பார்த்த அதே சிறுத்தை மீசையிலேயே வைத்துக்கொண்டிருந்த மாதிரி மைதிலிக்குத் தோன்றியது. முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கண்ணுக்குக் கீழே மட்டும் வயது கூடியிருந்தது.

மைதிலி கேட்காமலேயே பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மெதுவாகக் கேட்டாள்.

"அந்த மாட்டு மேல இருந்த கிழங்கு மாவைத் துடைக்கிறதுக்கு ரொம்ப நேரம் ஆயிருக்குமே?"

"கிழங்கு மாவா இருந்தா லேசுல போயிருக்குங்க. பாறைப்பொடி அப்படியில்லை, ரோமத்துக்கு உள்ள இறங்கி..."

நிறுத்திக்கொண்டாள்.

அது வாய் தவறி வந்ததா, அவளே வரவிட்டதா என்று மைதிலிக்குக் கடைசிவரை தெரியவில்லை.

பூபதிதான் பேசினான். வழக்கமான குரல் இல்லை. "அம்மணிக்குத் திருச்செங்கோட்டுப் பக்கமுங்களா?"

"ஆமாங்க."

"ஆழ்துளைக் கிணத்துக்குப் போர் போடும்போது பாறையைத் துளைச்சா புகை மாதிரிப் பறக்குமே, அந்தப் பொடி. படத்துல பார்த்தே அதைச் சொல்றாங்கன்னா, போர் போடற ரிக் வண்டிக்குப் பேர்போன திருச்செங்கோட்டுல, வண்டிக்கார ஊட்டுல பொறந்திருக்கோணும். சங்ககிரியில எங்களுக்கு அந்த வண்டிக்காரங்க பழக்கமுங்க. சட்டையை உதறினா அரை மூட்டை விழும்."

சுகன்யா பேனாவைக் கீழே வைத்தாள். "எங்கண்ணன் வண்டிங்க. சரவணக்குமார்."

"எந்த வண்டி?" என்றான் சபரிநாதன், வாசலிலிருந்து. கையில் டீப் பாத்திரம்.

சுகன்யா திரைப் பக்கம் திரும்பினாள். சிறுத்தையை மூடினாள். ஒரு பழைய கல்யாண ஆல்பத்தின் பெயரில் இருந்த கோப்புறையைத் திறந்தாள். திரை முழுவதும் காட்டெருமை வந்து நின்றது: பாதி வெள்ளை, பாதி கருப்பு, சுற்றிலும் விடியலின் சாம்பல் வெளிச்சம், மலை, மரங்கள்.

"டிஸ்க் போயிருச்சுன்னு சொன்னியே," என்றான் சபரிநாதன்.

"பொய்யிங்க."

அவள் படத்தின் இடது ஓரத்தைப் பெரிதாக்கினாள். இலைகளெல்லாம் மாவு தெளித்த மாதிரி வெளுத்திருந்தன. அவற்றுக்குப் பின்னால், மங்கலாக, மரங்களைவிட உயரமாக ஒரு கம்பம். எழுத்து எதுவும் தெரியவில்லை. மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை மட்டும் தெரிந்தது.

"அது மரம்னு நினைச்சேன்..." என்றான் சபரிநாதன்.

"உங்களுக்கு மரம். அந்த வண்டி வாங்கினப்போ என்ன கலர் அடிக்கலாம்னு எங்கண்ணன் என்னைத்தான் கேட்டான். மஞ்சளும் பச்சையும்னு நான்தான் சொன்னேன். படத்துல பார்த்ததும் அவனையே கேட்டேன், எல்லாம் சொல்லிட்டான்." அவள் திரையைப் பார்த்தே பேசினாள். "ஒரு பண்ணை வீட்டுக்குப் போர் போட்டிருக்காங்க. காட்டு எல்லைங்க அது, அனுமதி கிடையாது. அதனால ராத்திரியில. சத்தம் கேட்டு அந்தப் பெரியவர் வந்திருக்காரு. எங்க கிணறு வத்திப் போயிரும், நிறுத்துங்கன்னு வண்டிக்குக் கிட்டயே வந்து நின்னுட்டாரு. மேல தூக்கின பைப்பு ஆடி வந்து நெஞ்சுல அடிச்சிருச்சு. வேணும்னு பண்ணலைங்க. அது சத்தியம்."

"அதுக்கப்புறம் பண்ணதெல்லாம்?" என்றாள் மைதிலி.

சுகன்யா பேனாவை ஓரமாக நகர்த்தினாள். "மூச்சு இருந்துச்சாம். ஆஸ்பத்திரிக்குப் போனா வண்டி மாட்டிக்கும், எல்லாரும் மாட்டிக்குவோம்னு பயந்து உட்கார்ந்துட்டாங்க. எங்கண்ணன் அவரு கையைப் புடிச்சுக்கிட்டே இருந்தானாம். மூச்சு நின்னதும் இருட்டுலயே தூக்கிட்டுப் போய் அவரு காட்டுல போட்டுட்டு வந்திருக்காங்க. மண்ணுல மாட்டுக் காலடி இருந்துச்சாம், பழி அது மேல போயிரும்னு விட்டுட்டாங்க. கம்பத்தை எறக்கி வண்டியைக் கிளப்பறதுக்குள்ள இவரு அந்தப் பக்கம் படுத்துப் படம் எடுத்துட்டாரு."

சபரிநாதன் டீப் பாத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் தரையில் வைத்தான். தானும் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

"அங்கேதான் படுத்திருந்தேன்," என்றான். "அங்கேதான், சுகன்யா. அந்தக் கண்ணையே பார்த்துக்கிட்டு."

கீழே தெருவில் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மைதிலிக்கு அப்படியே மேஜையில் தலை சாய்க்க வேண்டும் போல இருந்தது. இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"ஜோதிக்குப் போன் பண்ணி என்கிட்ட அனுப்பினது நீங்கதானே?"

பூபதி திகைத்து அவளைப் பார்த்தான். சபரிநாதன் தலையைத் தூக்கினான்.

சுகன்யா மறுக்கவில்லை. "தினமும் உங்க போர்டைத் தாண்டித்தானுங்க வேலைக்கு வாரேன். நாளைக்கு மாட்டைப் புடிக்கப் போறாங்கன்னு கேட்டதும் இருக்க முடியலை. ஸ்டேஷன் வாசல்வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்தேன். கூடப் பொறந்தவனுங்க. என் கையால எடுத்துக் கொடுக்க வரலை. யாராச்சும் வந்து என்கிட்ட இருந்து புடுங்கிட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

"அதான் கண்ணீரைத் துடைக்கலையா?"

"எல்லாத்தையும் துடைச்சேன். அது ஒண்ணை விட்டு வெச்சேன். மாடு எதுக்கு அழுவுதுன்னு ஒருத்தராச்சும் கேப்பாங்கன்னு பார்த்தேனுங்க." அவள் முதல்முறையாக மைதிலியை நேராகப் பார்த்தாள். "லட்சம் பேரு பார்த்தாங்க. எல்லாரும் அழுவுற பொம்மையைப் போட்டுட்டுப் போயிட்டாங்க. நீங்க காலையில இங்கே நின்னு அதையே பார்த்துட்டு இருந்தீங்க. அப்பவே தெரிஞ்சு போச்சு."

"தெரிஞ்சும் டிஸ்க் போயிருச்சுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க. அதுவும் நான்தான்."

மைதிலிக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டும். ஒரே ஆள் ஒரு கையால் மறைத்து, மறு கையால் காட்டிக் கொடுப்பதை அவள் இதற்கு முன்பும் பார்த்திருக்கிறாள். இவ்வளவு நேர்த்தியாக இரண்டையும் செய்து பார்த்ததில்லை.

"படத்தை எனக்கு அனுப்புங்க. முழுசா, எதையும் வெட்டாம."

படம் வந்ததும் வனச்சரகருக்கு அனுப்பினாள். விளக்கம் சொன்னாள். மறுமுனையில் அவர் இரண்டு தடவை "பாறைப்பொடியா?" என்று கேட்டார். பிறகு, நாளைக்கு ஆட்கள் வரமாட்டார்கள், விசாரணை முடியட்டும் என்றார். அடுத்து அடிவாரத்து ஸ்டேஷன். இன்ஸ்பெக்டர் முழுவதும் கேட்டுக்கொண்டார். வண்டி எங்கே நிற்கிறது, அண்ணன் எங்கே இருக்கிறான் என்பதைச் சுகன்யாவே போனை வாங்கிச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் திரையை அணைத்தாள். சபரிநாதன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். அவளைத் தொடவில்லை. விட்டுவிட்டுப் போகவும் இல்லை.

"நானும் ஸ்டேஷனுக்கு வரோணுமுங்களா?" என்றாள் சுகன்யா.

"வரணும்."

"இவரு வருவாரா?"

"வாரேன்," என்றான் சபரிநாதன், யாரையும் பார்க்காமல்.

பூபதி சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் இறங்கினான். மைதிலி மாடிப்படியில் நின்று ஜோதியைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள்.

மைதிலி சுற்றி வளைக்கவில்லை. போர் வண்டி, பைப்பு, இருட்டு, குச்சிக்கிழங்குக் காடு. நான்கைந்து வாக்கியத்தில் முடிந்துவிட்டது. ஒரு மனிதரின் சாவுக்கு அவ்வளவுதான் வார்த்தைகள் தேவைப்பட்டன.

"அப்ப மாட்டை விட்டுருவாங்களா?" என்றாள் ஜோதி.

"விட்டுருவாங்க."

அப்புறம் மைதிலி பயந்துகொண்டிருந்த கேள்வி வந்தது.

"அடிபட்டதும் உடனே போயிட்டாருங்களா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். யாருக்கும் நஷ்டமில்லை. இந்தத் தொழிலில் மைதிலி அதைவிடப் பெரிய பொய்களை இரக்கத்துக்காகச் சொல்லியிருக்கிறாள்.

"இல்லைம்மா. கொஞ்ச நேரம் இருந்திருக்கார்."

"தனியாவா?"

"தனியா இல்லை. அந்த வண்டிக்காரன் கையைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே இருந்திருக்கான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகலை."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"எந்த ஸ்டேஷனுங்க?" என்று ஜோதி கேட்டாள்.

மைதிலி சொன்னாள்.

"ஊட்டைப் பூட்டிட்டு வாரேனுங்க. நான் வாரதுக்கு முன்னாடி அவனை உள்ள கூட்டிட்டுப் போயிர வேண்டாம்னு சொல்லுங்க. அவன் மூஞ்சியை நான் பார்க்கோணும்."